நூறு ரூபாய்க்கு ஒரு சேதி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்றரை வருடமாக நம்மூர்ச் சமூக சேவைக் கழகம் ஒன்றில் அங்கத்தவர். ஒவ்வொரு வியாழன் மாலையும் கூட்டம். ஒன்றேகால் மணி நேரத்தில் அரை மணி நேரம் ‘இந்தக் கிழமைச் சேதி’க்கே போய்விடுகிறது. ஒருவர் எழும்புவார், பிஸ்கட் டின்னில் நூறு ரூபாய் போடுவார், மகனுக்கு ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ என்பார். கைதட்டல். அடுத்தவர் புது வாகனம் எடுத்த கதை: நீல நிறம், கொழும்பிலிருந்து ஓட்டி வரும்போது ஹபரணையில் யானை மறித்தது வரைக்கும். இன்னொருவருக்குக் கனடாவில் பேரன், நிறை மூன்றேகால் கிலோ. நாலாமவர் உப்புவெளியில் இரண்டாவது கடை திறந்திருக்கிறார். இது சேவையா, சுயதம்பட்டமா? மற்றவர்களின் வீட்டுச் சேதி எனக்கெதற்கு? போன மாதம் தம்பலகாமத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். அதைப் பற்றிக் கதைக்கப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. இந்தச் சேதிப் படலத்தை நிறுத்தச் சொல்லி எழுதுவீர்களா? கடிதம் முழுவதையும் பிரசுரிக்கலாம், பெயர் மட்டும் வேண்டாம்.

பி.கு.: எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். கண்புரை எடுத்துப் பன்னிரண்டு நாள். போன வியாழன் கூட்டத்துக்குப் போகவில்லை. கொழும்புப் பயணம் என்று சொல்லிவிட்டேன்.

– ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: ரீச்சர், நிறுத்தச் சொல்லி எழுத மாட்டேன். திருத்தச் சொல்லி வேண்டுமானால் எழுதுகிறேன், அதுவும் பாதி உங்களுக்கு.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் கழகம் எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது றோட்டரிக் கழகம். 1896இல் சிக்காகோவுக்கு வந்த போல் ஹாரிஸ் என்ற இளம் வழக்கறிஞருக்கு அந்தப் பெரிய நகரத்தில் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், கூட்டாளிகள் கிடைக்கவில்லை. சின்ன ஊரில் வளர்ந்த மனிதர். 1905 பெப்ரவரி 23ஆம் திகதி ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையற்காரர் ஆகியோரோடு உட்கார்ந்து கதைத்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. அன்றைக்கு அங்கே முகாமும் இல்லை, மூக்குக்கண்ணாடி விநியோகமும் இல்லை. நாலு பேர் தங்கள் பாட்டைச் சொன்னார்கள். ஊருக்கு என்ன செய்யலாம் என்ற யோசனை பிறகுதான் வந்தது. 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் வேலை, சிக்காகோவில் பொதுக் கழிப்பறை கட்டுவிப்பது. ஆகவே, சேவைக் கூட்டத்துக்குள் வீட்டுக்கதை புகுந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது வரிசையை மாற்றிச் சொல்வது. வீட்டுக்கதைக்குள்தான் சேவை புகுந்தது.

டின்னில் காசு போடுவதும் உங்கள் தலைவரின் கண்டுபிடிப்பு அல்ல. பல நாட்டுக் கழகங்களில் ‘ஹாப்பி டாலர்’ என்று அதற்குப் பெயர். லயன்ஸ் கழகக்காரர்கள் இதற்கென்று ஒரு பதவியே வைத்திருக்கிறார்கள்: டெயில் டுவிஸ்டர், அதாவது சிங்கத்தின் வாலை முறுக்குகிறவர். கூட்டம் தூங்கி வழியாமல் பகிடி விட்டு, அங்கத்தவர்களுக்குச் சில்லறை அபராதம் போடுவது அவருடைய கடமை. அவர்களுடைய மாதிரித் துணைவிதிகளில் இதற்கு நல்ல வேலி கட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரே கூட்டத்தில் இரண்டு தடவைக்கு மேல் அபராதம் கூடாது. சேர்ந்த காசு உடனே பொருளாளர் கைக்குப் போக வேண்டும். முறுக்குகிறவருக்கே அபராதம் போடுவதென்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும். (எங்கள் ஊர்ச் சபைகள் எதிலாவது ஒரே குரலில் சம்மதித்ததை நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த மனிதர் தப்பினார்.) உங்கள் டின் காசு எங்கே போகிறது என்று கேட்டீர்களா? முப்பது பேரும் எழும்பி ஆளுக்கு நூறு போட்டால், வருடத்தில் ஐம்பது கிழமைக்கு 150,000 ரூபாய். யானை மறித்த கதையைச் சகித்துக்கொள்ள இது போதாதா?

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு என்று இன்னொரு வாசகர் கிளம்புமுன் ஒன்று சொல்கிறேன். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நாம் அந்த நீரைப் ‘பாதை’யில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்தான் கடந்தோம். பாதை இக்கரைக்கு வரும் வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யார் வீட்டில் கலியாணம், யார் ஆஸ்பத்திரியில், யாருடைய மாடு காணாமல் போனது எல்லாம் தெரிந்துவிடும். கேட்க விருப்பம் இல்லாதவன் காதிலும் விழும். இப்போது 396 மீற்றர் பாலத்தைக் கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் இருந்தபடி பாட்டு முடியுமுன் கடந்துவிடுகிறோம். பாலம் கூடாது என்றா சொல்கிறேன்? பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும் யாராவது. ஆனால் அந்தக் காத்திருப்பில் தானாக நடந்த ஒன்றை, இப்போது மணியடித்து டின் வைத்து நடத்த வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் முறைப்பாட்டுக்கு வருவோம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உப்புவெளியில் இரண்டாவது கடை திறந்தது சேதி அல்ல, விளம்பரம். எங்கள் சஞ்சிகையின் பின்னட்டையில் நூறு ரூபாய்க்கு ஒரு வரிகூடப் போட முடியாது. அவரிடம் ஆயிரம் வாங்குங்கள். ஒன்பது ஏ சொல்பவர் சுருக்கமாகச் சொல்லட்டும். அதே மண்டபத்தில் பிள்ளைக்குக் கணிதம் சித்தியடையாத தகப்பனும் கைதட்டிக்கொண்டு இருப்பார். அடுத்தவரின் நோயையும் மகளுக்குக் கலியாணப் பேச்சுப் போய்க்கொண்டிருப்பதையும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் யாரும் எடுத்துவிடக் கூடாது. மண்டபத்தில் சொன்னது விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஏறி, காலையில் மீன் சந்தையில் இறங்கிவிடும் ஊர் இது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது நம்முடையது. நல்ல சேதியைச் சொன்னால் நாவூறு படும், கெட்ட சேதியைச் சொன்னால் மானம் போகும். ஆகவே ‘எப்படி இருக்கிறியள்’ என்றால் ‘ஏதோ இருக்கிறம்’. அத்தோடு கதை முடிந்தது. கூச்சம் இல்லாத நாலைந்து பேர் மட்டும் எழும்புவதால் உங்கள் அரை மணி நேரம் தம்பட்டமாகத் தெரிகிறது. மிச்ச இருபத்தைந்து பேரும் பிளேன்ரீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாகனக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

நானும் ஒருமுறை இப்படியொரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போயிருக்கிறேன். வேறு கழகம். வழக்கமான சேதிகள்தான், நானும் உங்களைப் போலவே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது இருக்கும் ஒருவர் எழும்பினார். சட்டைப் பையில் இருந்து எட்டாக மடித்த நூறு ரூபாய்த் தாளை எடுத்து, விரித்து, திரும்ப மடித்து டின்னுக்குள் விட்டார். “நேற்று மனிசி மீன் குழம்புக்கு உப்புக் காணாதெண்டு சொன்னவ” என்றார். உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் காதுக்குள் சொன்னார்: அந்த அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து மாதமாக வாயில் பேச்சு இல்லை. கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு நெடுநேரம் நிற்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அங்கே இருந்தவர்களுக்கு அந்த வீட்டு நிலைமை தெரிந்திருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தெரிந்தபடியால்தான் உப்புக் குறைந்த குழம்புக்குக் கைதட்டினார்கள்.

இனி உங்கள் கடிதம். மற்றவர்கள் சேதி எனக்கெதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வாகனத்தின் நிறம் தெரிகிறது, யானை நின்ற இடம் தெரிகிறது, கனடாப் பேரனின் நிறை கால் கிலோ சுத்தமாகத் தெரிகிறது. வகுப்பில் இவ்வளவு கவனமாகக் கேட்கிற பிள்ளை உங்களுக்குக் கிடைத்திருக்குமோ தெரியாது. ஒன்றரை வருடத்தில் நீங்கள் எழும்பிச் சொன்ன ஒரு சேதியை மட்டும் கடிதத்தில் காணவில்லை. இருந்த ஒன்றையும் பின்குறிப்புக்குள் ஒளித்து வைத்து, எழுத்துக் கோணலுக்கு மன்னிப்பாக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் எழுந்து, பார்வையற்றோருக்காக நிற்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகுதான் கண் பார்வை அவர்களுடைய பெரிய வேலையானது. இன்றைக்குப் பல சேவைக் கழகங்கள் கண் முகாம் நடத்துகின்றன, உங்களுடையதும் தம்பலகாமத்தில் நடத்தியிருக்கிறது. அங்கே வரிசையில் நின்றவர்களிடம் கண்புரை என்றால் பயப்பட வேண்டாம், சின்னச் சத்திரசிகிச்சைதான், மறைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள் என்று உங்கள் அங்கத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அடுத்த மாதம் உங்கள் கண்ணிலேயே கத்தி வைக்கிறார்கள், கழகத்துக்கு நீங்கள் கொழும்பில் நிற்கிறீர்கள்! யார் உங்களை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தது? ஒரு நாளில் எத்தனை தடவை சொட்டு மருந்து, அதை யார் விட்டுவிடுகிறார்கள்? நீல வாகனக்காரர் ஒரு சொல் சொல்லியிருந்தால் உவர்மலை ஏறி வந்திருக்க மாட்டாரா? வந்திருக்க மாட்டார் என்றால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், அவரை நான் கவனித்துக்கொள்கிறேன்.

வருகிற வியாழன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கூட்டத்துக்குப் போங்கள். டின்னில் நூறு ரூபாய் போட்டுவிட்டு, கொழும்புக்குப் போகவில்லை என்பதில் இருந்து தொடங்குங்கள். பொய் சொன்னதற்கு ஒரு நூறு அபராதம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். இந்தக் கடிதம் எழுதினது ரீச்சர்தானா என்று இன்னொரு நூறும் கேட்கக்கூடும். அதற்கு மேல் கேட்டால் லயன்ஸ்காரர்களின் விதியைச் சொல்லி, இரண்டோடு சரி என்று உட்கார்ந்துவிடுங்கள்.