கதைக்குள் தொங்கும் உருவப்படங்கள்: கேள்வி பதில்

இந்தச் சுற்றில் கதை, நாவலில் வரும் வரைந்த உருவப்படங்கள் பற்றி மட்டும் பேசலாம். கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். 'உயிரோட்டமான ஓவியம்' என்ற சொற்றொடரை உங்கள் கதையிலிருந்து அடித்துவிட்டு வாருங்கள். அதைப் படிக்கும் யாருக்கும் எந்த ஓவியமும் கண்ணில் தெரிவதில்லை.

புதியவன்: என் நாவலில் புது மருமகள், கூடத்தில் மாட்டியிருக்கும் கொள்ளுப்பாட்டியின் தைல வண்ண ஓவியத்தை முதல்முறையாகப் பார்க்கிறாள். மூன்று பத்தி வர்ணித்திருக்கிறேன். போதுமா?

இரண்டரை பத்தி அதிகம். நெற்றியில் தொடங்கி, புருவம், மூக்கு, உதடு என்று இறங்கியிருப்பீர்கள். வாசகர் அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து ஒரு முகமாக்க மாட்டார். மூக்குக்கு வரும்போதே நெற்றி மறந்திருக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, பார்ப்பவளுக்கு அதில் எது உறுத்துகிறது என்பதுதான் முக்கியம்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் எலிசபெத், டார்சியின் மாளிகையைச் சுற்றிப் பார்க்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவனை வாயாரப் புகழ்ந்து முடித்திருக்கிறாள். அப்புறம்தான் அவன் படம். அதில் அவன் மூக்கு எப்படி, சட்டை என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கிடையாது. தன்னைப் பார்க்கும்போது எப்போதாவது அவன் முகத்தில் வரும் சிரிப்பு அந்தப் படத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். படத்தின் கண்ணுக்கு நேராகப் போய் நின்று, தான் மறுத்துவிட்ட மனிதனைப் பற்றி அவள் மறுபடி யோசிக்கிறாள். நாவலே அந்த இடத்தில் திரும்புகிறது.

உங்கள் மருமகளைப் படத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கொள்ளுப்பாட்டியின் காதில் இருக்கும் முத்து, கிட்டே போனால் முத்தே இல்லை. சாம்பல் நிறத்தின்மேல் தூரிகை முனையால் வைத்த ஒரு கெட்டியான வெள்ளைப் பொட்டு. இரண்டடி பின்னால் வந்தால் மறுபடி முத்து. அந்த நகை யாரிடம் போனது என்ற சண்டை அந்த வீட்டில் இருந்தால் உங்களுக்கு ஒரு பத்தியே போதும்.

நத்தை: அறையில் எங்கே போனாலும் படத்தின் கண்கள் பின்தொடர்வதாக எழுதலாமா?

வேண்டாம். அதில் மர்மம் எதுவும் இல்லை. உயிருள்ள ஆள் முன்னால் நீங்கள் நகர்ந்தால் அவருடைய காது தெரியும், கன்னத்தின் மறுபக்கம் தெரியும். படம் தட்டை. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் வரைந்த பக்கம்தான் தெரியும். நேராகப் பார்ப்பதுபோல வரைந்த கண் அதனால் எல்லோரையும் நேராகவே பார்க்கும். பக்கவாட்டு முகமாக வரைந்திருந்தால் யாரையும் பார்க்காது. அட்டகாசமான பக்கவாட்டு முகம் என்று வர்ணித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்திலேயே அதன் கண்கள் நாயகனைத் துரத்துவதாக எழுதியவர்கள் உண்டு.

பயமுறுத்தத்தான் வேண்டும் என்றால் கோகோலின் 'உருவப்படம்' (1835) கதையைப் பாருங்கள். அதில் வட்டிக்கடைக் கிழவனின் கண்கள் துரத்துவதில்லை. வண்ணம் என்ற எல்லையைத் தாண்டி நிஜக் கண்ணாக இருப்பதுதான் சிக்கல். படத்தின்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஓவியன் படுக்கிறான். இரவில் கிழவன் சட்டத்தை விட்டு இறங்கிவந்து அவன் கட்டிலருகே உட்கார்ந்து தங்கக் காசு எண்ணுகிறான். பேயைவிட அந்தக் காசு எண்ணுவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. சட்டத்தை விட்டு இறங்குவது மட்டும் புதிதல்ல; 1764-லேயே ஹொரேஸ் வால்போல் தன் நாவலில் ஒரு தாத்தாவின் படத்தைப் பெருமூச்சு விட்டு இறங்கி நடக்க வைத்துவிட்டார்.

அரைநிலவு: நாயகன் இளமையாகவே இருக்கிறான், அவன் படம் மட்டும் கிழடாகிறது. எப்படி?

ஆஸ்கர் வைல்ட், 'டோரியன் கிரேயின் படம்', 1890. வேறு கதை யோசியுங்கள்.

கணக்கன்: துப்பறியும் கதையில் ஓவியமே தடயமாக இருக்க வேண்டும். எது எடுபடும்?

எனக்குப் பிடித்த கேள்வி. கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையில் ஹோம்ஸ் ஒரு மூதாதையின் படத்தில் தொப்பியையும் சுருள் முடியையும் தன் கையால் மறைக்கிறார். மிச்சமிருப்பது அக்கம்பக்கத்தில் நடமாடும் ஓர் ஆளின் முகம். ரத்த உறவும் சொத்து ஆசையும் ஒரே நொடியில் வெளியே வந்துவிடுகின்றன.

இன்னும் சில தருகிறேன். கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைபவரின் படத்தில் இடமும் வலமும் மாறியிருக்கும். வான்கோ காயப்படுத்திக்கொண்டது இடது காதை. 1889-இல் வரைந்த தன் படங்களில் கட்டு வலப்பக்கம் இருப்பதுபோலத் தெரியும். இதை வைத்து ஒரு போலி சாட்சியைப் பிடிக்கலாம். நிறங்களுக்கும் வயது உண்டு. பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-ஐ ஒட்டி. 1780-இல் வரைந்ததாகச் சொல்லும் படத்தின் கழுத்துப்பட்டையில் டைட்டானியம் வெள்ளை இருந்தால், பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பழுதுபார்த்தவர் கையாகவும் இருக்கலாம். உங்கள் துப்பறிவாளர் அவசரப்படாமல் இருந்தால் நல்லது.

தவிர்க்க வேண்டியது ஒன்று: நேற்று முடித்த தைல ஓவியத்தைத் திருடன் சுருட்டிக்கொண்டு ஓடுவது. தைல வண்ணத்தின் மேல்பரப்பு காயவே பல நாள், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். அவன் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் சேறுதான் இருக்கும். காய்ந்த படத்தைச் சுருட்டினாலும் விஷயம் தெரிந்தவர்கள் வண்ணம் வெளியே இருக்கும்படிதான் சுருட்டுவார்கள். திருடன் யார் என்பதற்கு இதுவே ஒரு தடயம்.

வெண்பா: இதற்கெல்லாம் ஒரு போட்டோ போதாதா?

சில கதைக்குப் போதும். தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில் நஸ்தாஸ்யாவின் முகம் முதலில் வருவதே புகைப்படமாகத்தான். ஆனால் வரைந்த படம் என்றால் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் அவரையே உற்றுப் பார்த்திருக்கிறார். அந்த மணிநேரங்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கதை.

புதிர்: கண்கள் பின்தொடர்வது பற்றி?

மேலே நத்தைக்குச் சொன்ன பதில்.

செவ்வந்தி: நம் பக்க இலக்கியத்தில் இதை யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா?

காளிதாசனின் சாகுந்தல நாடகம், ஆறாம் அங்கம். மோதிரம் கிடைத்து நினைவு திரும்பியபின் துஷ்யந்தன் தன் கையாலேயே சகுந்தலையை வரைந்திருக்கிறான். பலகையில் மூன்று பெண்கள். யார் சகுந்தலை என்று விதூஷகன், அதாவது அரசனின் கோமாளித் தோழன், ஊகிக்கிறான். அப்புறம் வருவதுதான் விசேஷம். கோட்டோரங்களில் வியர்த்த விரல் பட்டு அழுக்குத் தடம் இருக்கிறது, கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் விழுந்து அந்த இடத்தில் வண்ணம் புடைத்திருக்கிறது என்று அரசனே காட்டுகிறான். இன்னும் வரைய வேண்டியதையும் சொல்கிறான்: மணலில் அன்ன ஜோடி இருக்கும் மாலினி ஆறு, மரவுரி தொங்கும் மரம், அதன் கீழே ஆண்மானின் கொம்பில் இடது கண்ணைச் சொறிந்துகொள்ளும் பெண்மான். பலகை முழுக்கத் தாடி வைத்த முனிவர்களை நிரப்பிவிடப் போகிறான் என்று விதூஷகன் முணுமுணுக்கிறான். படத்தில் சகுந்தலையின் முகத்தருகே ஒரு வண்டும் இருக்கிறது. அதை நிஜம் என்று நினைத்து அரசன் மிரட்டத் தொடங்குகிறான்.

நத்தை: அந்த வண்டை வரைந்ததே அவன்தானே? தான் வரைந்ததையே நம்பி ஏமாறுவானா? இது நாடகச் செயற்கை.

அங்கேதான் காட்சியின் உயிரே இருக்கிறது. முதல் அங்கத்தில் ஒரு நிஜ வண்டு அவளைத் தொல்லை செய்தபோதுதான், ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வெளியே வரச் சாக்குக் கிடைத்தது. அந்த நொடிக்குத் திரும்பிப் போகத்தான் அவன் வண்டை வரைந்தான். போயும்விட்டான்.

கணக்கன்: "இது சித்திரம்தானே" என்று விதூஷகன் சொன்னதும் சபை சிரித்திருக்கும். நகைச்சுவைக் காட்சியைப் போய்ச் சோகம் என்கிறீர்கள்.

சிரிக்கட்டுமே. அடுத்த வரியில் அரசன் சொல்வதைக் கேளுங்கள்: நேரில் கண்டதுபோல இருந்தேன், நீ நினைவுபடுத்தி அவளை மறுபடி படமாக்கிவிட்டாய். தூக்கம் வராததால் கனவிலும் அவள் இல்லை, கண்ணீர் மறைப்பதால் படத்திலும் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நின்று வேடிக்கை பார்க்கும் அப்சரஸ் சானுமதியை மறந்துவிட்டீர்கள். எல்லாம் தெரிந்த அவளே, எனக்கும் இப்போதுதான் இது படம் என்று உறைத்தது என்கிறாள். பைத்தியம் என்று அரசனை மட்டும் எப்படிச் சொல்வீர்கள்?

நத்தை: சானுமதி ஏமாந்தது சரி. நாடகம் பார்ப்பவர் ஏமாற மாட்டார். பலகை அவர் கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாது.

நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பார்வையாளருக்குப் பலகை தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இருவருக்கும் கிடைப்பது வெறும் பேச்சு. விதூஷகன் போகிறபோக்கில் நாலு அடையாளம் சொல்வதோடு சரி, காளிதாசன் அவள் முகத்தை எங்கே வர்ணித்தான்? விரல் அழுக்கு, புடைத்த வண்ணம், இன்னும் வரையாத மான். புதியவன் இதைப் படித்தால் தன் மூன்று பத்தியை அவரே கிழித்துவிடுவார்.

கணக்கன்: இருந்தாலும் அது நகைச்சுவைதான்.

சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகை: பென்சிலில் முகம் வரையப் பழகுவது எப்படி?

ஓவியம் சொல்லித்தருபவரைக் கேளுங்கள். எனக்குக் கதைக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும்.

மேகலை: படத்தின் கண்கள் என் நாயகியை...

இல்லை.

அரைநிலவு: என் பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தக் கண்ணீர்ப் புடைப்பை என் கதையில் எடுத்துக்கொள்ளலாமா? கூடத்தில் பெரிய தைல ஓவியம், விதவை அழுகிறாள்.

தாராளமாக, ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலான சரக்கு. ஆனால் காய்ந்த தைல வண்ணத்தில் கண்ணீர் புடைக்காது, துடைத்தால் போய்விடும். நீர் வண்ணத்தில் காகிதத்தில் வரைந்த சின்னப் படமாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது அவள் அதைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். யாரும் பார்க்காத நேரமும் வேண்டியிருக்கும். கூடத்துக் காட்சியை மறுபடி எழுதத்தான் வேண்டும்.