கோபம் பத்து நிமிடம், பிடிவாதம் பத்தொன்பது நாள்

கேள்வி: "சின்ன விஷயத்துக்கும் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேன். அதன் பிறகு இறங்கி வரவும் முடிவதில்லை. பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். மூச்சுப் பயிற்சி போன்ற பழக்கங்கள் உண்மையிலேயே உதவுமா?"

உதவும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற நேரத்தில் உதவாது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களை எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒன்றை ஊகிக்கிறேன். வீட்டில் யாராவது பார்த்தே ஆகவேண்டிய வேலைகள் பாதிக்கு மேல் உங்கள் தலையில்தான் இருக்கும். உங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் அதில் ஒன்றைக்கூட ஒரு வாரம் முழுதாகச் செய்திருக்க மாட்டார்கள். என் ஊகம் தவறானால் மன்னித்துவிடுங்கள். என் கதை அப்படி என்பதால் எல்லோருடையதும் அப்படித்தான் என்று தோன்றிவிடுகிறது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பியபோது கூடவே ஒன்பது வகை மாத்திரைகள் வந்தன. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, வரிசைக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று அறை கொண்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். ஞாயிறு மாலை அதை நிரப்புவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. அதனாலேயே அதில் எனக்குக் கர்வம் அதிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தம்பி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தான். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் பெட்டியைப் பார்த்தான். "அக்கா, காலை மாத்திரை ஒன்று இரவு அறையில் இருக்கிற மாதிரித் தெரிகிறதே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த 'மாதிரித் தெரிகிறதே'வில் எத்தனை பதவிசு இருந்தது என்பது இப்போது புரிகிறது. அன்று என் காதில் விழுந்தது வேறு: இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா உனக்கு?

"மூன்று வாரமாகக் கண் விழிப்பவள் நான், நீ வந்து திருத்துகிறாயா?" என்று ஆரம்பித்தேன். அவன் வராத நாட்கள், வந்தும் தூங்கிப்போன நாட்கள், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஒரு குடை வரை போனேன். கடைசியில் பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கி மேசை மேல் வைத்தேன். வைத்தேன் என்று நாகரிகத்துக்காக எழுதுகிறேன். எறிந்தேன். மூடிகள் எல்லாம் படபடவென்று திறந்து மாத்திரைகள் தரையெங்கும் சிதறின. ஒன்று மட்டும் விளிம்பில் நின்றபடியே உருண்டு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போனது. குனியவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த அம்மா, அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் பத்து நிமிடத்தில் வடிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து பொறுக்கும்போதே சீட்டையும் சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு, ஒரே வெள்ளிநிற அட்டை. மாற்றிப் போட்டிருந்தேன்.

இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது, சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டைகளை வடிவமைப்பவர்கள் யார்? வெள்ளிநிறத் தாளில் சாம்பல்நிறப் பொடி எழுத்து. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் பெயர் தெரியும். பெயரும் அட்டையின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், நாலு மாத்திரை கிழித்துவிட்டால் பாதிப் பெயர் போய்விடும். காலாவதித் தேதியை ஓரத்தில் அழுத்தி அச்சிட்டிருப்பார்கள், அதைக் கண்ணால் படிப்பதைவிட விரலால் தடவிப் படிப்பது எளிது. மாத்திரை அதிகம் விழுங்குபவர்கள் கண் மங்கிய வயதானவர்கள் என்பது அந்தத் தொழிலில் ஒருவருக்குமா தெரியாது? சரி, இது உங்கள் கேள்வி இல்லை. திரும்பி வருகிறேன்.

தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பது நாள் அவனோடு பேசவில்லை. அவன் துணைக்கு வரும் இரவுகளில், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். "ஒன்பது மணி மருந்து கொடுத்தாயிற்று." "காலையில் கால் பயிற்சி பாக்கி." கொடுத்தது யார், எழுதுவது யாருக்கு என்று எதுவும் இல்லாமல், எழுவாயைக் கவனமாகத் தவிர்த்த வாக்கியங்கள். அவனும் அதே தாளின் அடியில் எழுவாய் இல்லாமலே பதில் எழுதினான்.

பிடிவாதத்தைக் கோபத்தின் தொடர்ச்சி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. கோபம் போன பிறகுதான் பிடிவாதம் வந்து உட்காருகிறது. காவலுக்கு. "நீ சொன்னது சரி" என்று நான் ஒப்புக்கொண்டால், அந்தக் கூச்சலுக்கு என்ன அர்த்தம்? பெட்டியை எறிந்ததற்கு? அந்தக் கூச்சலை நியாயப்படுத்த, அவன் ஏதோ பெரிய தவறு செய்தவனாகவே இருந்தாகவேண்டும். எத்தனை பெரிதாகக் கத்தினோமோ அத்தனை பெரிய காரணம் தேவைப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த மனமுரண் கோட்பாடு ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. செய்த காரியமும் தன்னைப் பற்றிய எண்ணமும் ஒன்றோடொன்று மோதும்போது அந்தச் சங்கடம் தாங்காமல் மனம் எதையாவது வளைத்துப் பொருத்திக்கொள்ளும். செய்ததை அழிக்க முடியாது என்பதால் பெரும்பாலும் வளைக்கப்படுவது உண்மைதான். நான் பத்தொன்பது நாளும் வளைத்துக்கொண்டிருந்தேன். "அவன் சொன்னது சரியாகவே இருக்கட்டும், சொன்ன விதம் சரியா?" இந்த வாக்கியம் உங்களுக்கும் பழக்கமானதாக இருந்தால் நாம் ஒரே சாதி.

இருபதாவது நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அந்த மாத்திரை கிடைத்தது. தூசியும் ஒரு நரைமுடியும் சுற்றிக்கொண்டு, ஆனால் உடையாமல். அதைக் கையில் வைத்துக்கொண்டே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "அன்றைக்கு மாத்திரையை நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, அதை மறைக்க மாட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கண்ணாடியை மாற்று அக்கா" என்றான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்கு முன்பே எனக்கு மூச்சுப் பயிற்சி தெரியும். ஆனால் கொதிக்கும்போது மட்டுமே எடுத்துப் பார்ப்பேன். அப்போது அது வேலை செய்யாது. நெருப்புப் பிடித்த பிறகு கிணறு தோண்டுகிற கதை. அட்ரினலின் ஏறி, இதயம் அடித்துக்கொண்டு, தாடை இறுகியிருக்கும் நேரத்தில் எண்ணிக்கையெல்லாம் நினைவில் நிற்காது. ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகள் சண்டையிடும்போது அவர்களின் இதயத்துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக மண்டையில் ஏறாது, உடல் தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். அந்த 20 நிமிடத்தையும் "அவன் எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மென்றுகொண்டே கழித்தால் பயன் இல்லை.

தலையணையைக் குத்தித் தீர்க்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நானும் குத்தியிருக்கிறேன். கை வலித்தது, கோபம் ஏறியது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் ஆவேசத்தோடும் இருந்தார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாள்தோறும் பத்து நிமிடம், கோபமே இல்லாத நேரத்தில், நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன். விடுவது நீளமாக இருக்க வேண்டும். காரணம், மூச்சை விடும்போதுதான், மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அதை மெதுவாக்குகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே செய்து பாருங்கள், இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் விடும்போது தளர்வதும் பலருக்கு விரலிலேயே தெரியும். எனக்குத் தெரிந்த அன்றுதான் நம்பிக்கை வந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து, எரிச்சல் தொடங்கும்போதே மூச்சு தானாக நீளுவதைக் கவனித்தேன். எல்லா நாளும் இல்லை. பாதி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம், வந்திருப்பது எது என்று பெயர் சொல்வது. அன்றைக்கு எனக்கு வந்ததில் கோபம் கால் பங்குதான். மிச்சமெல்லாம் தூக்கமின்மை, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், மாட்டிக்கொண்ட அவமானம். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, கண்ட உணர்ச்சிக்கு ஒரு சொல்லால் பெயர் சூட்டுகையில் பயம் போன்ற உணர்ச்சிகளில் கிளர்ந்தெழும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைவதைக் கண்டார்கள். நான் வாய்க்குள் "அவமானம், அவமானம்" என்று சொல்லிக்கொள்வேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ!

"அமைதியாக இரு" என்று யாராவது சொன்னால் இன்னும் ஏறுகிறதா? உங்களிடம் கோளாறு இல்லை. ஃபெஸ்டிங்கரின் மாணவர் ஜாக் பிரெம் 1966இலேயே எழுதிவிட்டார்: தன் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினால், சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யத்தான் மனிதன் இழுபடுவான். உங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்பவர் யாரோ, அவரிடம் ஒரு நல்ல நேரம் பார்த்துப் பேசிவிடுங்கள்.

"எல்லாவற்றுக்கும் மூச்சுப் பயிற்சியா?" என்று கேட்க ஆள் வருவார்கள் என்று தெரியும். நான் மருத்துவர் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படிச் சிடுசிடுப்பு வரும், மனச்சோர்விலும் வரும். கை நீளும் அளவுக்குப் போகிறதென்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, ஆண் கத்தினால் கண்டிப்பு, பெண் கத்தினால் மிகை உணர்ச்சி என்று கணக்கு எழுதும் வீடுகள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்ட வீடாக இருந்தால், எதை மாற்ற வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள். நியாயமான ஒன்றில் உறுதியாக நிற்பதை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை.

தம்பியும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எனக்கு ஏறினால், "இருபது நிமிடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவேன். அவன் பின்னால் வரக் கூடாது. நான் திரும்பி வந்தே ஆகவேண்டும், அதுதான் நிபந்தனை. நேரம் சொல்லாமல் எழுந்து போவது பழைய பத்தொன்பது நாளின் ஆரம்பம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். போன மாதம் அம்மாவின் மருத்துவப் பரிசோதனைத் தேதி பற்றிப் பேச்சு முற்றியது. "இருபது நிமிடம்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியே அவன் அம்மாவிடம், "இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி இருக்கிறது" என்று சொல்வது கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது, கோபமும் போய்விட்டது. ஆனாலும் அந்த ஒன்பது நிமிடத்தையும் முழுதாக உள்ளே நின்று முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.