பழைய கிராமபோன் ஓடும்போது உள்ளே ‘டொம்’ என்று இடிக்கிறது. நானே பிரித்துச் சரிசெய்யலாமா?

சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் பாட்டின் நடுவே பெட்டிக்குள் இடிக்கிறது, சுருதியும் ஒரு கணம் தடுமாறுகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்காது. அது சுருண்டிருக்கும் உலோக டப்பாவான டிரம்முக்குள் தடவிய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுவை தாங்காமல் சட்டென்று விடுபடும் சத்தம்தான் அது.

துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். இருக்கிற கொஞ்ச கிரீஸையும் கரைத்துவிட்டு அது ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விடச் சொல்லவும் ஊரில் ஆள் உண்டு. மார்கழியில் உறைகிற எண்ணெய்க்கு மோட்டாரில் என்ன வேலை?

டிரம்மை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். ஓடி முழுக்க நின்ற பிறகும் பல அடி நீள எஃகுப் பட்டை அதற்குள் நெருக்கித் திணித்தபடிதான் இருக்கும். மூடியைக் கழற்றி இழுத்தால் சாட்டைபோல் வீசி விரலைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் வேலை தெரிந்த பழைய சுவர்க் கடிகார மெக்கானிக்கிடம் கொடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் மூன்று சிறு குண்டுகள் சுழலும். அதன் தண்டுக்கும், அதில் உரசி வேகத்தைக் குறைக்கும் தோல் துண்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

பாட்டு கரகரத்தால், ஊசி மாட்டும் வட்டப் பகுதியான சவுண்ட் பாக்ஸைப் பாருங்கள். அதற்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மைக்கா தகட்டை இருபுறமும் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் மரக்கட்டையாக இறுகியிருக்கும். புது வளையம் போட்டால் சரியாகிவிடும். உடனடிப் பசை வைத்து ஒட்டினால் தகடு அசையவே முடியாது, பிறகு உடைக்காமல் எடுக்கவும் வழியில்லை. சவுண்ட் பாக்ஸின் பின்மூடி துத்தநாகக் கலவையாக இருந்தால் திருகை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். அந்த உலோகம் வயதாக ஆக உப்பி விரிசல் விடும்.

பெட்டிக்கு உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்வார். மறுத்துவிடுங்கள். பழைய அரக்குப் பூச்சின் மங்கல்தான் அதற்கு மதிப்பு. ஈரம் பிழிந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் பட்டால் பூச்சு கரையும். இசைத்தட்டும் அரக்கில் செய்ததுதான், அதற்கும் ஸ்பிரிட் ஆகாது.

எஃகு ஊசியைத் தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளை மட்டுமே போடுங்கள். வினைல் எல்.பி. வைத்தால் ஒரே ஓட்டத்தில் அதன் வரிகள் உழப்பட்டுவிடும்.

நாய்ப் படமும் பளபளக்கும் பித்தளைப் புனலுமாகச் சந்தையில் விற்கும் ‘பழைய’ கிராமபோன்களில் பல, உதிரிகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டியவை. உங்களுடையது அப்படிப்பட்டதானால் இத்தனை கவனம் தேவையில்லை.