பால்கனியில் போட்ட சிவப்புச் சணல் விரிப்பு இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டது. மில்லில் சாயம் ஒழுங்காகப் போடுவதில்லையா?

சாயக்காரரை மட்டும் திட்டாதீர்கள், சணலுக்கும் இதில் பங்கு உண்டு. ஹூக்ளி ஆற்றங்கரை மில் ஒன்றின் சாயப் பிரிவில் சில வருடம் இருந்தவன் நான்.

பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். சணலில் அது 60 சதவீதம் அளவுதான். 12 முதல் 14 சதவீதம் வரை லிக்னின், அதாவது மரத்துக்கு விறைப்பு தரும் சரக்கு. பழைய செய்தித்தாள் பழுக்கிறதே, அதுவும் இந்த லிக்னின் வேலைதான். வெயிலில் மேலே சாயம் வெளுக்க, அடியில் நாரே மஞ்சளாகும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஒரு வெளிர்நீல ஆர்டருக்கு நூலைப் பெராக்சைடில் வெளுத்து, ஷேடு அச்சு அசலாகப் பிடித்து அனுப்பினேன். மாதிரிக்கு வைத்த நூல் சிட்டம் ஒன்று ஜன்னலோரம் தொங்கியது. சில வாரத்தில் வெயில் பட்ட பக்கம் பாசி பிடித்த மாதிரி பச்சை, சுவர்ப் பக்கம் பழைய நீலம். பெராக்சைடு லிக்னினின் நிறத்தைத்தான் எடுக்கும், லிக்னினை எடுக்காது. நீலத்துக்கு அடியில் மஞ்சள் திரும்பி வந்திருந்தது. பின்னாலேயே லாட்டும் திரும்பி வந்தது!

சரி, உங்கள் சிவப்பு. அது ‘பேசிக்’ என்று சொல்கிற சாய ரகமாக இருக்கலாம். பருத்தியில் இதை ஏற்ற முதலில் டானின், அதாவது கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சரக்கு, கொடுக்க வேண்டும். சணலுக்கு அதெல்லாம் வேண்டாம், கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்ட தொட்டியில் சிட்டத்தை முக்கினாலே ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். விலை மலிவு, நிறமும் கண்ணைப் பறிக்கும். வெயில்தான் ஆகாது. ‘வாட்’ என்ற இன்னொரு சாய ரகம் வெயில் தாங்கும், ஆனால் அந்தப் பளபளப்பு வராது, செலவும் கூட. கடையில் பளிச்சென்று இருப்பதைத்தானே நாமும் எடுக்கிறோம்?

திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால் மட்டும் மில்லைக் குறை சொல்லலாம். நாரை மெத்தென்றாக்க எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால் மாதிரிக் குழம்பைத் தெளிப்பார்கள். கோணிப்பையில் வருமே ஒரு வாடை, அது இந்த எண்ணெய்தான். அது போகக் கழுவாமல் தொட்டியில் இறக்கினால் சாயம் சீராக ஏறாது. அதற்காகப் பருத்தி மாதிரி காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிடவும் முடியாது, நாரின் சத்தில் ஒரு பகுதி கரைந்து நூல் பலம் இழந்துவிடும்.

அடுத்த முறை வாங்குமுன் துண்டு நூல் கேளுங்கள். பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் மொட்டைமாடியில் போட்டுப் பாருங்கள்.