வீட்டோடு இருந்த என் ஆச்சி

"அந்தக் காலத்துப் பாட்டிகள் வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்தார்கள், அதனால்தானே குடும்பங்கள் நன்றாக இருந்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாட்டி அப்படி இருந்திருக்கலாம். வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியைப் பற்றி உங்கள் வீட்டில் ஏதோ பேச்சு வந்து, அதிலிருந்து இந்தக் கேள்வி பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் ஆச்சியும் வேலைக்கென்று வாசல்படி தாண்டியதில்லை. ஆனால் அந்த வாசல் திண்ணையில் உட்கார்ந்தே நாளுக்கு 1000 பீடி சுற்றினாள்.

எங்களுக்கு ஆலங்குளம் பக்கம். அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019-லிருந்து தென்காசி மாவட்டம். பெரும்பாலும் மழையை நம்பிய பூமி. மழை பெய்து குளம் நிறைந்தால் தாத்தாவுக்கு வயலில் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் வீட்டில் உலை கொதித்தது ஆச்சியின் பீடிக் காசில்தான். தாத்தாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் சோம்பேறி இல்லை, வானம் பொய்த்தால் அவர் என்ன செய்வார்?

பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. இலையும் புகையிலைத் தூளும் பீடிக் கடையில் எடைபோட்டுக் கொடுப்பார்கள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட வேண்டும். காலையில் சின்னத் தகரத் துண்டை இலைமேல் அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். அப்புறம் சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து உட்கார்ந்தால் ஆச்சியின் கை ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! தூளைக் கிள்ளிப் போடுவாள், பெருவிரலால் ஒரே உருட்டு, அடிப்பக்கம் நூல் ஒரு சுற்று, வாய்ப் பக்கத்தை நகத்தால் மடக்கி உள்ளே தள்ளினால் முடிந்தது. கண் தெருவில் போகிறவர்கள்மேல் இருக்கும், பேச்சு எதிர்வீட்டு மதினியோடு நடக்கும், விரல் மட்டும் நிற்காது. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. சாயங்காலம் அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று சிலதைக் கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலியும் கிடையாது, அந்தப் பீடியும் திரும்பி வராது. ஆச்சி வாய்விட்டுத் திட்டியது அந்தக் கடைக்காரரை மட்டும்தான்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகாமல் இருக்க மாட்டாள். ஆனால் ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று. அதனால் அதற்கு முந்தைய வாரம் முழுக்க ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கூடுதலாகச் சுற்றி வைப்பாள். "சாமிக்குன்னு ஒரு நாளு வேண்டாமா யய்யா" என்பாள். அவள் பக்தி அப்படிப்பட்டது.

பீடி உடம்புக்குக் கேடு, அதைப் போய் பெருமையாக எழுதுகிறாயே என்று யாராவது வருவார்கள். கேடுதான். அந்தத் தூள் நெடியிலேயே இருந்து இருமி இருமிக் காலம் தள்ளியவளுக்கு அது தெரியாதா? என் பெருமை பீடியைப் பற்றியது இல்லை, அவள் உழைப்பைப் பற்றியது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காசில் பாலிடெக்னிக் படித்த என் மாமாவே கல்யாண வீடுகளில், "எங்க அம்மா வேலைக்கெல்லாம் போனதில்ல, வீட்டோடதான் இருந்தாவ" என்று பெருமையாகச் சொல்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் பேசும். சட்டம் அப்படிப் பேசவில்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே சொன்னது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. ஆச்சிக்குக் கணக்கும் அடையாள அட்டையும் இருந்தன. அந்த அட்டையை வைத்துத்தான் என் அம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை கிடைத்தது. அம்மா டீச்சர் ஆனதும் அந்த வழியில்தான். எல்லாப் பாட்டிகளும் பீடி சுற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு சுளகு இருந்தது. அந்தக் குடும்பங்கள் நன்றாக இருந்தன என்றால் அந்தச் சுளகும் ஒரு காரணம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காலத்தில் ஆச்சிக்கு பி.எஃப். பென்ஷன் வந்தது. அந்தப் பென்ஷனில் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று 2014-இல் ஆக்கினார்கள். அவளுக்கும் அந்த ஆயிரம்தான். அதற்கு வருடா வருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. இலையும் நூலும் உரசி உரசிப் பெருவிரல் வழவழவென்று ஆகியிருந்தது. "கையக் கழுவிட்டு வாங்க பாட்டி" என்றான் அங்கே இருந்த பையன். கழுவிவிட்டு வந்தாள். துடைத்துவிட்டு வைத்தாள். விழவில்லை. "அப்புறமா வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு வழி இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு எதிரில் நிற்கிறவளுக்கு உயிரோடு இருப்பதற்குச் சாட்சி இல்லை என்று பென்ஷன் சில மாதம் நின்றுபோனது. அந்த வேலை தேய்த்த விரல், அந்த வேலையின் பென்ஷனுக்கே ஆகவில்லை என்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

விரல் ரேகை விழாதவர்களுக்கு இப்போது மொபைலில் முகத்தைக் காட்டியே ஆயுள் சான்று கொடுக்க வழி இருக்கிறது. பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். உங்கள் தெருவில் பீடி சுற்றிய வயதானவர்கள் யாராவது பென்ஷன் நின்றுபோய் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இதை அவர்கள் காதில் போடுங்கள்.