பள்ளி மாணவர்களைப் பழைய போர்க்களம் ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

நான் வரலாற்று ஆசிரியர். பேருந்து, சாப்பாடு, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் எந்தச் சுற்றுலாவுக்கும் ஒன்றுதான். போர்க்களத்தில் மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு: அங்கே கண்ணுக்குப் பார்க்க அநேகமாக ஒன்றும் இருக்காது. கோட்டை என்றால் மதில் இருக்கும், அரண்மனை என்றால் தூண் இருக்கும். போர்க்களம் பெரும்பாலும் புல்வெளிதான், ஓரத்தில் ஒரு நினைவுத்தூண். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான்.

அதனால் அந்த மண்ணில் நின்றால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்வி ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று போதும். யார் ஜெயித்தார்கள், எந்த வருடம் என்பதையெல்லாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1863 ஜூலை 3 அன்று தென்மாநிலப் படையினர் சுமார் 12,500 பேர், ஏறத்தாழ ஒரு மைல் திறந்தவெளியைக் கடந்து எதிரியின் முகட்டை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வரை செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். வரைபடத்தில் பார்த்தால் சுத்தத் தற்கொலையாகத் தெரியும். இறங்கி நடந்தால்தான் அந்தப் புலம் தட்டை இல்லை என்பது புரியும். சில பள்ளங்களில் இறங்கினால் எதிர் முகடே கண்ணிலிருந்து மறைந்துவிடும். கொஞ்ச நேரத்துக்குப் பாதுகாப்பாக இருப்பது போலத் தோன்றும். மேலே ஏறியதும் சாலையோர வேலி குறுக்கே வரும்; அதை ஏறித் தாண்டியவர்கள் எதிரிக்கு நேர் இலக்கானார்கள். "இப்படி ஓர் உத்தரவைப் போட எப்படி மனம் வந்தது?" என்ற கேள்விக்கு இந்த நடைதான் பதில் சொல்லத் தொடங்கும்.

எந்தப் போர்க்களமானாலும் பிள்ளைகளைத் தோளோடு தோள் உரச ஒரே வரிசையில் நிறுத்தி நடக்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் வரிசை வில்லாக வளைந்துவிடும். ஓரத்தில் இருப்பவன் ஓட வேண்டியிருக்கும், நடுவில் இருப்பவள் நின்று காத்திருப்பாள், மேட்டில் ஏறுகிறவர்கள் பின்தங்குவார்கள். குண்டு எதுவும் பாயாமலேயே இந்தக் கதி. எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் இதைப் புரியவைக்காது.

மாணவர்களை அழைத்துப் போகும் முன் நீங்கள் ஒரு தடவை தனியாகப் போய்வாருங்கள். பழைய வரைபடமும் இன்றைய வரைபடமும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் போர்க்களங்கள் மாறிப்போகும். 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில், 1820-க்குப் பிறகு எழுப்பிய சிங்க மேடு என்ற நினைவுக் குன்றுக்காக, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்தார்கள். அவருடைய வீரர்களைப் பிரெஞ்சுப் பீரங்கிகளின் பார்வையிலிருந்து மறைத்த சரிவை அங்கே இன்று முழுசாகப் பார்க்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காள நவாபைத் தோற்கடித்த பிளாசியில் போர் நடந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பாகீரதி ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது. இதை ஏமாற்றமாக நினைக்க வேண்டாம், அதையே பாடமாக்கலாம். எது அப்போது இருந்தது, எது பிறகு வந்தது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும்.

மழை பெய்தாலும் பயணத்தை உடனே ரத்து செய்யாதீர்கள். பிளாசியில் 1757 ஜூன் 23 அன்று நண்பகல் மழையில் நவாபின் வெடிமருந்து நனைந்தது. கம்பெனிப் படை தன் மருந்தை மூடி வைத்திருந்தது. வாட்டர்லூவில் முந்தைய இரவு பெய்த மழையால் தரை காய நெப்போலியன் காத்திருந்தார். அன்று மாலைக்குள் வெலிங்டனுக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்து சேர்ந்துவிட்டது. சேறு அப்பிய செருப்போடு நிற்கும் பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். மின்னல் இருந்தால் மட்டும் திறந்தவெளிப் பக்கம் போகக் கூடாது.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. தளபதிகளின் கதையோடு நிறுத்தாதீர்கள். கெட்டிஸ்பர்க் அப்போது சுமார் 2,400 பேர் வாழ்ந்த ஊர். மூன்று நாள் சண்டை முடிந்தபோது இருதரப்பிலும் காயம்பட்டவர்கள் மட்டும் 20,000-க்கு மேல். தண்ணீர் கொடுத்தது யார், பிணங்களைப் புதைத்தது யார், அந்த வருட விளைச்சல் என்னவானது? வகுப்பில் ஒரு குழு படைவீரர்களைப் பற்றிப் படித்தால், இன்னொரு குழு அந்த ஊர்மக்களைப் பற்றிப் படித்துவிட்டு வரட்டும். தோற்ற தரப்புக்கும் ஒரு குழு வேண்டும்.

தரையில் கிடக்கும் எதையும் எடுக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது பெரும்பாலும் குற்றம். பிரான்சின் வெர்டூன் போன்ற முதல் உலகப்போர்க் களங்களிலோ உயிருக்கே ஆபத்து. 1916-இல் விழுந்து வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. கல்லறைகளைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள், அங்கே விரிவுரை வேண்டாம். வெர்டூன் அருகே உள்ள டூமோன் நினைவில்லத்தில் பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்கள் சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் பெயர் தெரியாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போக மாட்டேன்.

நிழல், கழிப்பறை, குடிநீர் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடங்கள் மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். வழிகாட்டி வைத்துக்கொண்டால் உங்கள் கேள்வியை முந்தின வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் சொல்லும் அதே கதையைத்தான் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்வார்.