சுண்ணாம்புப் பாறை நடுவே கடல் ஏரி: கேள்வி பதில்

மயிலாடுதுறையிலிருந்து: கடல் ஏரின்னு எதைச் சொல்றாங்க சார்? நம்ம முத்துப்பேட்டை காயலும் அதுல சேருமா?

சேராது. முத்துப்பேட்டையில் ஆற்று வண்டலும் கடலோர மணலும் சேர்ந்து அடைத்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு இருக்கிறது. முகத்துவாரம் வழியே கடல் நேராக வந்துபோகும். கடல் ஏரிக்கு வாய் கிடையாது. நாலாபக்கமும் நிலம், பாறை வெடிப்பு, குகை, துளை வழியாக மட்டும் கடல்நீர் கசிந்து வரும். பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் தீவுகள், வியட்நாமின் ஹா லாங் விரிகுடா, இந்தோனேசியாவின் ககபான் தீவு இவற்றில் பார்க்கலாம்.

கும்பகோணத்திலிருந்து: பாறை நடுவுல அவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது?

மழை கரைத்தது. மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக வேர் நிறைந்த மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, வீரியம் குறைந்த அமிலமாகிறது. அது வெடிப்பில் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். வெடிப்பு அகன்று குகையாகும். குகையின் கூரை விழுந்தால் பள்ளம். இப்படிக் கரைந்து உருவான நிலத்துக்குத்தான் கார்ஸ்ட் என்று பெயர்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இன்று கடலுக்குள் இருக்கும் பாறை அன்று மேட்டு நிலம். மழை ஆழம்வரை அரிக்க வழி இருந்தது. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. பலரும் தப்பாக நினைப்பது இங்கேதான். கடல் கரை தாண்டி வழிந்து பள்ளத்தை நிரப்பவில்லை. கடல் உயர உயரப் பாறைக்குள் இருந்த நீர்மட்டமும் எழும்பி, பள்ளத்தை அடியிலிருந்து நிரப்பியது. பலாவின் ஜெல்லிமீன் ஏரி இப்படிச் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது மதிப்பீடு.

நாகப்பட்டினத்திலிருந்து: அப்ப அந்த ஏரியில ஏத்தம் வத்தம் இருக்குமா அண்ணே?

இருக்கும், தாமதமாக வரும், குறைவாகவும் வரும். ஜெல்லிமீன் ஏரியில் வெளிக்கடலுக்குப் பின் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்துத்தான் நீர் ஏறுகிறது. உயரமும் வெளியே ஏறுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஏரியின் குணத்தையே இந்தத் துளைகளின் அகலம்தான் தீர்மானிக்கிறது. குகை அகலமானால் உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட வெளிக்கடல்தான். வெடிப்பு குறுகலானால் நீர் தேங்கி அடுக்கடுக்காகப் பிரியும்.

வேதாரண்யத்திலிருந்து: அடியில விஷவாயு இருக்குன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை, எல்லா ஏரியிலும் இல்லை. மேலே மழைநீர் கலந்த இலேசான நீர், கீழே கனத்த உப்புநீர். சுற்றிலும் குன்றும் மரமும் காற்றை மறைத்தால் இரண்டும் கலக்காது. கீழே பிராணவாயு தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு சேரும். 30 மீட்டர் ஆழமுள்ள ஜெல்லிமீன் ஏரியில் சுமார் 15 மீட்டருக்குக் கீழே இந்த நிலைதான். அந்த நஞ்சு தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அதனால் அங்கே சிலிண்டர் கட்டி மூழ்க அனுமதி இல்லை.

அடுக்கு புரண்டால் ஆபத்து. குரோஷியாவின் ரோகோஸ்னிட்சா ஏரியில் 1997-இல் மேல்நீர் குளிர்ந்து இறங்கியபோது கீழிருந்த சல்பைடு முழுவதும் பரவி, உயிர்கள் கூட்டமாக மடிந்தன.

திருவாரூர் ஆசிரியை: வகுப்புல செஞ்சு காட்ட வழி இருக்கா?

இரண்டு சோதனை போதும் டீச்சர்.

கரைவதற்கு: கிளிஞ்சலை எடை பார்த்து, 5 சதவீத வினிகர் 100 மில்லியில் போடுங்கள். நுரை அடங்கியபின் காயவைத்து மறுபடி எடை பாருங்கள். அதிகபட்சம் 4 கிராம் சொச்சம் கரையும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடாதீர்கள். காளவாயிலேயே அதன் கரியமில வாயு போய்விட்டது, சரியாக நுரைக்காது, கையையும் அரிக்கும்.

அடுக்குக்கு: ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பு, இரண்டு துளி சொட்டு நீலம். பாதிக் கண்ணாடித் தம்ளர் ஊற்றி, கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகச் சேருங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் கலந்துவிடும். பெரும்பாலும் கெடுவது அதனால்தான்.

தஞ்சாவூரிலிருந்து: அரியலூர்ல சுண்ணாம்புக் கல் இருக்கே, அங்க வராதா?

கல் இருக்கிறது, கடல் பக்கத்தில் இல்லை. அங்கே சுரங்கக் குழியில் நிற்பது மழைநீரும் ஊற்றும். டெல்டாவிலோ கடல் பக்கத்தில் இருக்கிறது, கல் இல்லை. வண்டலும் களியும் மணலும் அமிலத்துக்குக் கரையாது.

தலைஞாயிறிலிருந்து: கல் இல்லைன்னா எங்க போர்ல உப்பு எப்படி வருது?

மணல் இடுக்கு வழியாக. நல்ல நீர் உப்புநீர் மேல் மிதக்கிறது என்ற கணக்கு சுண்ணாம்புப் பாறைக்கும் டெல்டா மணலுக்கும் ஒன்றே. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் தாங்கும். இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். அதனால் உப்பு தட்டியதும் போரை இன்னும் ஆழப்படுத்துவது தப்பு. ஆழம் குறைந்த இரண்டு மூன்று கிணறு போட்டு, சின்ன மோட்டாரில் விட்டு விட்டு இறையுங்கள்.